பகற்பல்லியின் என்டி2 மரபணு கிடைக்கவில்லை: உதவி தேவை

வணக்கம். கொழும்பில் முதுநிலை ஆய்வு மாணவி நான். அவிசாவளைக்கு அருகே ஒரு பாறை இடுக்கில், உரிய அனுமதியுடன், கடந்த மார்ச்சில் பிடித்த இரண்டு நெமாஸ்பிஸ் பேரினப் பகற்பல்லிகளை இனங்காண முடியாமல் தவிக்கிறேன். வட்டக் கண்மணி, விலாவில் முள் போன்ற புடைப்புகள். வாலின் அடிச்செதில்கள் எந்த விவரணத்தோடும் பொருந்தவில்லை. இரண்டும் பெண், ஆணிடம் மட்டும் காணப்படும் தொடைத்துளைகளை எண்ண வழியில்லை. ஆகவே மரபணுவைத்தான் நம்பியிருக்கிறேன்.

வால்நுனித் திசு 95% எதனோலில் இருக்கிறது. டிஎன்ஏவின் குறிப்பிட்ட பகுதியைப் பெருக்கும் பிசிஆரில், 16எஸ் மரபணு முதல் முறையிலேயே வந்தது. ஆகவே டிஎன்ஏ முற்றாகக் கெட்டுப்போகவில்லை. ஆனால் நெருங்கிய இனங்களைப் பிரித்துக்காட்ட அதைவிட வேகமாக மாறும் என்டி2 மரபணு வேண்டும். அதுதான் வரவில்லை. ஆறு வாரமாகிறது. பெருகியதா என்று பார்க்கும் ஜெல்லில் அளவுக்கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன, என் குழிகள் மட்டும் இருட்டு. பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குறுகிய டிஎன்ஏ துண்டு) ஒட்டும் வெப்பநிலையை 48 முதல் 56 பாகை வரை மாற்றினேன். மெக்னீசியத்தைக் கூட்டினேன், டிஎன்ஏயைப் பத்து மடங்கு நீர்த்தேன், திசுவிலிருந்து புதிதாகவும் பிரித்தெடுத்தேன். பலனில்லை. மிஞ்சியிருப்பது அரிசிமணி அளவுத் திசுதான், வீணாக்க மனமில்லை.

இலங்கை நெமாஸ்பிஸில் என்டி2 எடுத்தவர்கள் எந்தப் பிரைமர் இணையை, எந்த வெப்பநிலையில் பயன்படுத்தினீர்கள்?