விவசாயிகள் பட்டியலை ஆன்லைன் ஃபார்மேட்டரில் ஒட்டிவிட்டேன், உதவுங்கள்

மன்னார்குடி வாசி:
வணக்கம். இங்கே ஒரு அரிசி ஆலைக்கு ஆப் செய்து தருகிறேன். குறுவை நெல் கொடுத்த 300க்கு மேற்பட்ட விவசாயிகளின் பெயர், போன் நம்பர், வங்கிக் கணக்கு எண் எல்லாம் ஒரே ஜேசன் ஃபைலில் (ஆப் படிக்கும் டேட்டா ஃபைல்) இருக்கிறது. நேற்று எங்கோ ஒரு கமா விட்டுப்போய் ஆப் திறக்கவில்லை. தேடியதில் முதலில் வந்த ஃபார்மேட்டர் தளத்தில் (ஜேசனை ஒழுங்குபடுத்திப் பிழை காட்டும் தளம்) முழுவதையும் ஒட்டினேன். பிழை இருந்த இடம் தெரிந்தது. ஆனால் பக்கத்தின் முகவரியில் புதிதாக ஏதோ எழுத்துக் கோர்வை சேர்ந்திருந்தது. அந்த லிங்க்கை என் போனில் திறந்தால் பட்டியல் அப்படியே வருகிறது! என் பெரியப்பா கணக்கு எண்ணும் அதில் இருக்கிறது. ராத்திரி தூக்கமே இல்லை. என்ன செய்வது?

குடந்தைக்காரன்:
தம்பி, அந்தப் பக்கத்தில் அழிக்கும் வசதி இருந்தால் முதலில் அழியுங்கள். பிறகு வேறு போனில் திறந்து, போய்விட்டதா என்று பாருங்கள். வசதி இல்லையென்றால் லிங்க்கோடு தளத்தாருக்கு மெயில் போடுங்கள். ஆலை முதலாளியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். யாராவது போன் செய்து ஓடிபி கேட்டால் கொடுக்க வேண்டாம், பணம் போனால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள் என்று விவசாயிகளுக்குத் தகவல் போக வேண்டும்.

இனி கமா தேட எந்தத் தளமும் வேண்டாம். ஃபைலை ஃபயர்ஃபாக்ஸில் இழுத்துப் போடுங்கள். பிழை எந்த வரி, எத்தனையாவது எழுத்து என்று அதுவே காட்டும்.

திருவாரூர் டிசைனர்:
எந்தத் தளமானாலும் நான் இப்படித்தான் சோதிப்பேன். எஃப்12 அழுத்தி, பிரவுசர் வெளியே அனுப்புவதைக் காட்டும் நெட்வொர்க் பகுதியைத் திறந்துகொண்டு, 'மேட்டூர் தண்ணீர் வந்தாச்சா' என்று மட்டும் ஒட்டி பட்டனைத் தட்டுவேன். கீழே போஸ்ட் (தளத்துக்கு டேட்டா அனுப்புவது) என்று ஒரு வரி புதிதாக வந்தால், அதன் பேலோடை, அதாவது அனுப்பிய உள்ளடக்கத்தை, திறந்து பார்ப்பேன். ஒருமுறை என் தண்ணீர் வாக்கியம் எழுத்து மாறாமல் அங்கே உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் அப்புறம் போகவே இல்லை.

இன்னொரு வழி: பிரைவேட் விண்டோவில் தளத்தைத் திறந்ததும் நெட்டை அணைத்துவிட்டு வேலையைச் செய்யுங்கள். நடந்தால், வேலை உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது. விண்டோவை மூடிய பிறகே நெட்டைப் போடுங்கள், இல்லாவிட்டால் சேர்த்து வைத்ததை அப்போது அனுப்பக்கூடும்.

மன்னார்குடி வாசி:
லிங்க்கை அழித்துவிட்டேன், இப்போது திறக்கவில்லை. ரொம்ப நன்றி அண்ணே, நன்றி அக்கா. வயல் போட்டோக்களைச் சுருக்கவும், பேஸ்64 (டேட்டாவை ஆங்கில எழுத்து, எண்களாக மாற்றி வைக்கும் முறை) வடிவில் இருக்கும் பெயர்களைப் பிரிக்கவும் எது நல்லது? போட்டோவில் லொகேஷனும் இருக்கிறது.

திருவாரூர் டிசைனர்:
போட்டோவுக்கு ஸ்கூஷ். கூகுள் குரோம் குழுவினர் செய்தது. படம் வெளியே போகாது. ஆனால் தளப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிடிக்ஸ் இருக்கிறது, படத்தின் அளவு மாதிரி சில விவரங்கள் போகும். சுருக்கிய படத்தில் லொகேஷன் நீங்கிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

குடந்தைக்காரன்:
பேஸ்64க்கு சைபர்செஃப். பிரிட்டனின் ஜிசிஹெச்க்யூ உளவு அமைப்பு 2016இல் திறந்த மூலமாக வெளியிட்டது. ஜிப்பை இறக்கி வைத்துக்கொண்டால் நெட்டே வேண்டாம். பிரவுசர் கன்சோலில் ஏடோபி (பேஸ்64 பிரிக்கும் கட்டளை) மட்டும் போட்டால் தமிழ் குப்பையாக வரும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைட், ஏடோபி அதைத் தனித்தனி எழுத்தாகக் காட்டிவிடும். அதை பைட்களாக மாற்றி, பைட்களை எழுத்தாக்கும் டெக்ஸ்ட்டிகோடர் வழியாக அனுப்பினால் சரியாகும்.

மன்னார்குடி வாசி:
வைஃபையை அணைத்துவிட்டு சைபர்செஃபில் செய்தேன், பெயர்கள் தமிழில் சுத்தமாக வந்தன. முதலாளியிடம் சொன்னேன், கோபப்பட்டார், பிறகு எல்லோருக்கும் அவரே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். பெரியப்பாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, சாயங்காலம் நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன்.