சிறுநீரகம் பழுதான அப்பாவுக்கு புரோபயாடிக் கொடுக்கலாமா?

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். கரைவலை இழுக்கும்போது அப்பாவின் காலில் திருக்கை முள் குத்தியது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மூன்று நாள் வலியைப் பொறுத்திருந்தார். அதற்குள் கிருமித்தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் செப்சிஸ் ஆகி, சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது. இப்போது மதுரையில் தீவிர சிகிச்சையில் இருக்கிறார். கழுத்தில் டயாலிசிஸ் குழாய். பல நாள் ஆன்டிபயாடிக் ஏறியதில் வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை.

குடலைத் தேற்ற புரோபயாடிக் தூள் கொடுக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அதில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட் வகையை, இப்படிப் பெரிய இரத்தக்குழாயில் குழாய் போட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. பொட்டலத்தைப் பிரிக்கும் கை வழியாகக்கூட அது இரத்தத்தில் கலந்துவிடலாம். லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியா வகையும், செயற்கைச் சுவாசத்தில் இருந்த 2,650 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், நிமோனியாவைக் குறைக்கவில்லை.

அத்தை ஆசையாக இளநீர் கொண்டுவந்தார். பொட்டாசியம் ஏறிவிடும் என்று தடுத்துவிட்டேன். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்த நிலையைக் கடந்து வந்த குடும்பங்கள் இருந்தால் சொல்லுங்கள்: மோர், நீராகாரம் எப்போது அனுமதித்தார்கள்? ஆன்டிபயாடிக்குக்குப் பின் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் டிஃபிசில் கிருமிக்கு மலப் பரிசோதனை செய்தார்களா? சிறுநீரக உணவியல் தெரிந்தவர்களும் எழுதுங்கள். நாளைக் காலை மருத்துவரிடம் பேசும்போது சரியான கேள்விகளைக் கேட்க வேண்டும்.