எக்ஸிஜீசிஸ், ஐசிஜீசிஸ்: தமிழில் என்ன சொல்வது?

மடல் 1: கையேடு தொகுப்பவர், சுங்கை சிப்புட், மலேசியா

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வேதபாட ஆசிரியர் கையேட்டில் மூன்றாம் பாடம் இரண்டு சொற்களால் நகராமல் நிற்கிறது. வசனத்தில் இருக்கிற பொருளை வெளியே கொண்டுவருவது எக்ஸிஜீசிஸ். நம் மனதில் இருப்பதை வசனத்துக்குள் கொண்டுபோய் வைப்பது ஐசிஜீசிஸ். கிரேக்கத்தில் 'எக்ஸ்' வெளியே, 'எய்ஸ்' உள்ளே. வகுப்பில் வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழுகின்றன. குறிப்பேட்டில் மாற்றி எழுதிவிடுகிறார்கள். பொருள் கொள்ளும் முறைகளைப் பற்றிய படிப்பான ஹெர்மனூட்டிக்ஸுக்குப் பொருள்கோளியல், விளக்கவியல் என்று ஏற்கனவே இருக்கின்றன, அதை இப்போது கிளற வேண்டாம்.

என் முன்மொழிவு: பொருளெடுப்பு, பொருள்திணிப்பு.

பாடத்தின் உதாரணம் எரேமியா 29. ஐந்தாம் வசனம் "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி" என்கிறது. நம் பக்கம் தோட்டம் என்றால் ரப்பர் அல்லது செம்பனை எஸ்டேட். "தோட்டத்து ஜனமே, இது உனக்கு" என்று பிரசங்கம் அங்கேயே கிளம்பிவிடும். எபிரெயத்தில் அது காய்கனி விளைகிற தோட்டம். அடுத்து வருவதே "அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்பதுதான். ரப்பர் மரத்தில் சாப்பிட என்ன இருக்கிறது?

மடல் 2: தமிழாசிரியர்

ஐயா, உதாரணம் அருமை, சொல்தான் இடறுகிறது. 'பொருளெடுப்பு' என்றால் கடையில் சாமான் எடுப்பதாகத்தான் தோன்றும். வேறு சொல் தேடினால், 'மூலப்பொருள்' ஆலைக்குப் போய்விட்டது. 'புறப்பொருள்' இலக்கணத்துக்குச் சொந்தம். நம் உரைமரபில் ஒருவர் உரை 'எடுப்பதில்லை', உரை 'காண்கிறார்', பொருளும் அப்படியே. ஆகவே எக்ஸிஜீசிஸ் பொருள்காணல்.

'திணிப்பு' எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சொல்லே அடிக்க வருகிறது. பெரும்பாலும் இந்தத் தவறு வேண்டுமென்று நடப்பதில்லை, பக்தியோடுதான் நடக்கிறது. செய்பவருக்கே தெரியாத செயலுக்குத் 'திணிப்பு' என்று பெயர் வைத்தால், "நான் திணிக்கவில்லையே" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். அணியிலக்கணத்தில் தற்குறிப்பேற்றம் இருக்கிறதே? சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுகின்றன; கோவலனை 'வராதே' என்று தடுப்பதாக இளங்கோ பாடுகிறார். ஆட்டம் காற்றுடையது, குறிப்பு கவிஞருடையது. ஐசிஜீசிஸ் அச்சு அசல் இதுதான்.

மடல் 3: பாஸ்டர்

டீச்சர், காணலுக்கு ஆமென். தற்குறிப்பேற்றத்தில் ஒரு சிக்கல்: அணியில் அது அழகு, இங்கே பிழை. தேர்வில் அதை அழகென்று எழுதி மதிப்பெண் வாங்குகிற பிள்ளையிடம் ஞாயிற்றுக்கிழமை அதையே பிழை என்று சொல்வதா? ஒரு சொல்லை மட்டும் மாற்றி தற்பொருளேற்றம் என்று வைத்தால் சாயலும் இருக்கும், குழப்பமும் வராது.

வேதத்திலிருந்தே சொல் எடுக்கலாமா என்றும் பார்த்தேன். யோவான் 1:18இல் எக்ஸிஜீசிஸின் வினைச்சொல்லே வருகிறது. பழைய மொழிபெயர்ப்பில் அது "வெளிப்படுத்தினார்". நல்ல சொல்தான், ஆனால் வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் பெயரோடு மோதும். 1 கொரிந்தியர் 12:10இல் உள்ள "வியாக்கியானம்" அந்நிய பாஷை பேசும் வரத்தோடு ஒட்டிப்போயிற்று. 2 பேதுரு 1:20இன் "சுயதோற்றமான பொருள்" ஐசிஜீசிஸுக்கென்றே எழுதியதுபோல இருந்தது. அடுத்த வசனத்தைப் படித்ததும் கையை எடுத்துவிட்டேன். தீர்க்கதரிசனம் "மனுஷருடைய சித்தத்தினாலே உண்டாகவில்லை" என்கிறது 21. அங்கே பேச்சு தீர்க்கதரிசனம் எங்கிருந்து பிறந்தது என்பதைப் பற்றியதாகவே எனக்குப் படுகிறது. வாசிப்பவர் எப்படிப் பொருள் கொள்கிறார் என்பது வேறு. அந்த வசனத்தை இதற்கு இழுத்தால் நாமே தற்பொருளேற்றம் செய்தவர்கள் ஆவோம்.

மடல் 4: வாலிபர் வகுப்பு ஆசிரியர்

பாஸ்டர், டீச்சர், இரண்டு சொற்களையும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். "அவர் இந்த வசனத்தில் தற்பொருளேற்றம் செய்கிறார்" சரளமாக வருகிறது. "பொருள்காணல் செய்கிறார்" என்று எழுத வேண்டாம், "பொருள் காண்கிறார்" போதும். ஆள்பெயர்: பொருள்காண்பவர். 'தற்பொருளேற்றர்' வேண்டவே வேண்டாம்.

எரேமியா 29:11ஐயும் சேர்க்க வேண்டும், "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிற வசனம். பொருள் காண வேண்டிய வரிசை: முதலில் யாருக்கு? எருசலேமிலிருந்து பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போன கடிதம் என்று 29:1 சொல்கிறது. அடுத்து எப்போது? எழுபது வருஷம் நிறைவேறினபின் என்கிறது 10. அதாவது கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் அதைப் பார்க்கப்போவதில்லை. பிறகுதான் 11. "அடுத்த மாதம் வேலை கிடைக்கும்" என்று அதிலிருந்து வாக்குத்தத்தம் எடுக்கிறவர் 10ஐத் தாண்டிக் குதித்திருக்கிறார்.

தமிழில் மட்டும் வருகிற பொறி ஒன்றும் உண்டு. 11இல் "உங்கள்பேரில்" என்று இருக்கிறது. நாம் மரியாதைக்கு ஒருவரையே 'நீங்கள்' என்கிறோம், அதனால் தனி ஆளுக்குச் சொன்னதாகக் கேட்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் கடவுள் ஒருவரிடம் பேசினால் 'நீ'. மனிதர் பெரியவரிடம் பேசினால் 'நீர்'. 'நீங்கள்' என்றால் பலர். இங்கே முழுச் சமுதாயமும்தான் 'நீங்கள்'. இதைச் சொல்லிக்கொடுத்தால் பாதித் தவறு குறையும்.

புதிய ஏற்பாட்டுக்கு பிலிப்பியர் 4:13 இருக்கட்டும். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) நாளில் "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று எழுதாத பிள்ளை குறைவு. முந்தைய வசனம் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றதைச் சொல்கிறது. தாங்கும் பெலன் அது. வசன எண்ணை நம்பி அறுத்தெடுப்பதால் வருகிற வினை இது. அந்த எண்கள் புதிய ஏற்பாட்டில் 1551இல் ரொபேர் எத்தியேன் பதிப்பித்தபோது வந்தவை. பவுல் போட்டவை அல்ல.

மடல் 5: கையேடு தொகுப்பவர்

திணிப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் வகுப்பில் வாய்மொழியாக ஒன்று சொல்லத்தான் வேண்டும்: ரப்பர் மரத்தைச் சீவி வருகிற பால் ஒன்று, எடை கூட்ட வாளியில் ஊற்றுகிற தண்ணீர் வேறு, டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு) பார்க்கும்போது எல்லாம் தெரிந்துவிடும். இந்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பட்டியலில் போவது:

பொருள்காணல் – வசனம் முதலில் யாருக்கு, எப்போது, எந்த வகை எழுத்தாக எழுதப்பட்டது என்று பார்த்து, அது சொல்கிற பொருளை அறிதல்.

தற்பொருளேற்றம் – வாசிப்பவர் தம் கருத்தை வசனத்தின் மேல் ஏற்றி, அதையே வசனத்தின் பொருளாகக் கொள்ளுதல். (தற்குறிப்பேற்றம் வேறு, அது அணி.)

வியாக்கியானத்துக்கு எதிரே "பொருள்காணல் காண்க" என்று போடுகிறேன். பெரியவர்கள் அந்தச் சொல்லில்தான் தேடுவார்கள். மலாயில் படிக்கிற பிள்ளைகளுக்காக, விளக்கம் என்று பொருள்படும் 'தஃப்சிரான்' என்பதையும் பக்க ஓரத்தில் போடலாமா? அது இரண்டில் எதற்கு எதிரே வரும் என்று டீச்சர்தான் சொல்ல வேண்டும்.