பழைய ரீல் படத்தில் எல்லோரும் ஓடுகிறார்கள், அவசர உதவி!

அவசரக்குடுக்கை:
வணக்கம். தாத்தா எடுத்த ரீல் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். போட்டுப் பார்த்தால் எல்லோரும் குடுகுடுவென்று ஓடுகிறார்கள். பாட்டி நாற்காலியில் உட்காருவதே தடுக்கி விழுவது போல் இருக்கிறது. வேகத்தை 50% ஆக்கினேன், இப்போது தண்ணீருக்குள் நடக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டும். என்ன செட்டிங்?

ரீல்கிறுக்கன்:
என்ன ரீல்? எதை வைத்து ஏற்றினீர்கள்? எந்த மென்பொருள்?

பிட்ரேட்:
கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் நிரல்) பிரச்சினைதான். எனக்கும் இப்படி வந்தது. பிளேயரை அழித்துவிட்டு வேறு போடுங்கள்.

சுவரொளி:
புரொஜெக்டரைச் சுவரில் ஓட்டி மொபைலில் எடுத்திருப்பீர்கள். புரொஜெக்டர் வேகத்தை நொடிக்கு 16⅔ பிரேமுக்கு (பிலிமில் உள்ள ஒவ்வொரு படமும் ஒரு பிரேம்) இறக்குங்கள். மூன்று இதழ் ஷட்டர் (வெளிச்சத்தை விட்டு விட்டு மறைக்கும் தகடு) என்றால் ஒரு பிரேமுக்கு மூன்று முறை, அதாவது நொடிக்கு 50 முறை வெளிச்சம் விழும். கேமராவை 25இல் வைத்தால் மினுக்கல் போய்விடும்.

ரீல்கிறுக்கன்:
அவர் மினுக்கல் என்று சொல்லவே இல்லையே?

சுவரொளி:
வரும்.

மூத்த எடிட்டர்:
எது என்ன என்று எதுவுமே சொல்லாமல் "என்ன செட்டிங்" என்றால் எப்படி? டாக்டருக்குப் போன் போட்டு "வலிக்கிறது, என்ன மாத்திரை" என்று கேட்பீர்களா? பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் தம்பி. ஓரத்து ஓட்டை சிறிதாக, பிரேமின் நடுவுக்கு நேராக இருந்தால் சூப்பர் 8, அதாவது 8 எம்எம் பிலிமின் புது வகை. பெரிதாக, இரண்டு பிரேமுக்கு இடையில் இருந்தால் பழைய 8 எம்எம். சூப்பர் 8 வந்ததே 1965இல், இன்னும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அவசரக்குடுக்கை:
மன்னிக்கவும் சார். ஓட்டை சின்னது, நடுவில். வீட்டில் வைக்கிற சின்ன ஸ்கேனரில் ஓட்டினேன், அதுவே எம்பி4 கொடுத்தது. ஒலி கிடையாது. எடிட் செய்வது டாவின்சி ரிசால்வில். 50 அடி ரீல் ஒன்று 2 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

வாய்ப்பாடு:
அந்த 2 நிமிடத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம்!

சூப்பர் 8இல் ஓர் அடிக்கு 72 பிரேம். 50 அடிக்கு 3600. அது 120 நொடியில் ஓடுகிறது என்றால் நொடிக்கு 30. அதாவது ஸ்கேனர் ஒவ்வொரு பிரேமாகப் படம்பிடித்து, 30 வேகத்தில் கோர்த்துக் கொடுத்திருக்கிறது. உங்கள் தாத்தாவின் கேமரா அநேகமாக 18இல் எடுத்திருக்கும். அப்படியானால் ரீல் 3 நிமிடம் 20 நொடி ஓட வேண்டும். நீங்கள் 50% வைத்தபோது 15 ஆகிவிட்டது, அதனால்தான் தண்ணீருக்குள் நடை. 60% தான் கணக்கு.

ஆனால் அந்த வேகப் பொத்தானைத் தொடாதீர்கள். அமைப்பைப் பொறுத்து இரண்டு பிரேமைக் கலந்து, நகர்கிற கைக்குப் பின்னால் பேய் மாதிரி நிழல் விழவைக்கும். டைம்லைனில் போடுவதற்கு முன், மீடியா பூலில் (ஏற்றிய கோப்புகள் இருக்கும் பகுதி) கிளிப்பை வலது கிளிக் செய்து, கிளிப் அட்ரிபியூட்ஸில் பிரேம் ரேட்டை 18 ஆக்குங்கள். அப்புறமும் நடை மந்தமாகத் தெரிந்தால் 24 வைத்துப் பாருங்கள், சிலர் அதிலும் எடுத்தார்கள்.

பிட்ரேட்:
அப்படியே ஏஐ போட்டு நொடிக்கு 60 பிரேம் ஆக்கிவிடுங்கள். வழுக்கிக்கொண்டு ஓடும்.

மூத்த எடிட்டர்:
தாத்தா எடுக்காத பிரேமை மெஷின் வரைந்து நடுவில் செருக வேண்டுமா? நான் செய்து பார்த்தேன். கயிறு தாண்டுகிற குழந்தைக்கு மூன்று கால் முளைத்தது.

பிட்ரேட்:
உங்கள் டிவி மட்டும் 18இலா ஓடுகிறது? அதுவும் ஒரே பிரேமைத் திரும்பத் திரும்பக் காட்டித்தானே ஒப்பேற்றுகிறது.

மூத்த எடிட்டர்:
இருப்பதைத் திரும்பக் காட்டுவது வேறு, இல்லாததைக் காட்டுவது வேறு. இந்த வித்தியாசம் புரியாதவர்களிடம் பேசிப் பயனில்லை.

பிட்ரேட்:
பார்க்கப் போவது வீட்டுக் குழந்தைகள். நீங்கள் என்னவோ ஆவணக் காப்பகம் நடத்துவது போல் பேசுகிறீர்கள்.

ரீல்கிறுக்கன்:
ஸ்கேனர் கொடுத்த மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, பிரதியில் அவரவர் இஷ்டப்படி விளையாடுங்கள். அதைவிட முக்கியமானது ஒன்று: டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை வருகிறதா? வந்தால் பிலிமின் அடிப்பொருளான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ரீலைத் தனியாக எடுத்து வைத்து, அதையே முதலில் ஸ்கேன் செய்யுங்கள். சுருங்கிவிட்டால் பிறகு ஸ்கேனரின் கேட்டில் (பிலிம் நின்று படமாகும் இடம்) சரியாக நிற்காது.

அவசரக்குடுக்கை:
18 ஆக்கினேன். பாட்டி இப்போது பாட்டி மாதிரி உட்காருகிறார். நன்றி!! வாடை இல்லை. இன்னொன்று: ஒரு ரீல் மட்டும் தலைகீழாக, பின்னோக்கி ஓடியது. ரிவர்ஸ் செய்து, 180 டிகிரி சுழற்றினேன். எல்லாம் சரி, ஆனால் தாத்தா இடது கையால் எழுதுகிறார். அவர் வலது கைக்காரர்.

வாய்ப்பாடு:
அந்த ரீல் வால்முனையிலிருந்து, பக்கம் புரண்டு ஸ்கேனருக்குள் போயிருக்கிறது. சுழற்றினால் இடமும் வலமும் சேர்ந்து மாறிவிடும். சுழற்றியதை நீக்கிவிட்டு, மேல் கீழாக மட்டும் பிளிப் செய்யுங்கள். ரிவர்ஸ் இருக்கட்டும். தாத்தா வலது கைக்குத் திரும்பிவிடுவார். முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வாய்ப்பாடு:
ஞாயிற்றுக்கிழமை போய்விட்டதே, என்ன ஆயிற்று?

சுவரொளி:
மினுக்கல் வந்திருக்கும்.