ஏர்ல் ஸ்வெட்ஷர்ட் ஏன் இப்படி முணுமுணுக்கிறார்?

மாடிவீட்டு வானொலி:

நண்பர்களுக்கு வணக்கம். ராப் இசையைக் கவனித்துக் கேட்கத் தொடங்கியதில் நான் மிகவும் பிந்தியவன். ஏர்ல் ஸ்வெட்ஷர்ட் என்ற அமெரிக்க ராப்பரை நண்பர் ஒருவர் பரிந்துரைத்தார். ஏர்ல் தமது 16 ஆம் வயதில், 2010 மார்ச்சில், இலவசமாக வெளியிட்ட 'ஏர்ல்' மிக்ஸ்டேப் என்ற பாடல் தொகுப்பையும், 2018 நவம்பரில் வந்த 'சம் ராப் சாங்ஸ்' ஆல்பத்தையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்டேன். முதலாவதில் பாடுபொருள் பல இடங்களில் முகம் சுளிக்க வைத்தது என்றாலும், மூச்சு விட இடமில்லாமல் அடுக்கப்பட்ட சொற்களின் துல்லியம் என்னை அசர வைத்தது. இரண்டாவதிலோ குரல் எங்கோ அடியில் கிடக்கிறது, தாளத்துக்குச் சற்றுப் பின்னால் இழுபடுகிறது, பாடல்கள் ஒன்றரை நிமிடத்தில் பாதியில் அறுந்தது போல முடிந்துவிடுகின்றன. ஹெட்ஃபோனில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி, வேறொன்றை மாட்டி முதலிலிருந்து மீண்டும் கேட்டேன். எந்த வேறுபாடும் இல்லை.

அந்த இளைஞரின் திறமை மங்கிவிட்டதா, அல்லது வேண்டுமென்றேதான் இப்படிச் செய்கிறாரா? இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஒலிநாடா:

உங்கள் ஹெட்ஃபோன் மீது குற்றமில்லை; அந்த ஆல்பம் அப்படித்தான் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் அதை விளக்க வேண்டுமானால் அவருடைய பெயரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

தெபே நெருடா கோசிட்சிலே என்பது அவருடைய இயற்பெயர். 1994 பிப்ரவரி 24 அன்று சிகாகோவில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். பெயரின் நடுவில் இருப்பவர் நாம் தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்திருக்கும் அதே பாப்லோ நெரூதாதான். தந்தை கியோராபெட்சே கோசிட்சிலே, நிறவெறி அரசை எதிர்த்து நாட்டை விட்டு வெளியேறிப் பல்லாண்டுகள் அயல்நாடுகளில் வாழ்ந்த தென்னாப்பிரிக்கக் கவிஞர். 2006 இல் அந்நாட்டின் அரசவைக் கவிஞராக அறிவிக்கப்பட்டவர். ராப் இசைக்கு முன்னோடி என்று பலரும் குறிப்பிடும் 'தி லாஸ்ட் போயட்ஸ்' குழு 1968 இல் நியூயார்க்கின் ஹார்லெமில் உருவானபோது, தன் பெயரை இவருடைய கவிதை ஒன்றிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. தாய் செரில் ஹாரிஸ், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். ஏர்லுக்கு ஆறு வயதாக இருந்தபோது தந்தை குடும்பத்தைப் பிரிந்து சென்றார்.

இந்த வீட்டுப் பிள்ளை இணையத்தில் பதிவேற்றிய பாடல்களை 2009 இல் டைலர் தி கிரியேட்டர் என்ற ராப்பர் கேட்டு, தம் 'ஆட் ஃபியூச்சர்' ராப் குழுவில் சேர்த்துக்கொண்டார். மறு ஆண்டு வந்ததுதான் நீங்கள் கேட்ட மிக்ஸ்டேப். உங்களை அசர வைத்த அந்த உத்தியைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். 'ஏர்ல்' என்ற பாடலின் தொடக்கத்திலேயே அஸ்ட்ரோநாட், ஆஷர் ராத், ஆப்பிள்சாஸ் என்ற மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்று விண்வெளி வீரர். ஒன்று அந்த நாட்களில் பேசப்பட்ட வெள்ளையின ராப்பர் ஒருவரின் பெயர். ஒன்று ஆப்பிள் கூழ். பொருளால் இவற்றுக்குள் எந்த உறவும் இல்லை. ஒவ்வொன்றிலும் உயிரொலிகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் விழுகின்றன என்பதால் மட்டுமே மூன்றும் ஒரே வாக்கியத்தில் உட்கார முடிகிறது. நம் யாப்பில் அடியின் கடைசியில் வரும் இயைபை, அடி நெடுகிலும் தூவியது போன்ற வேலை இது.

அந்த வேலையில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒலி இழுத்த பக்கம் பொருள் ஓடுகிறது. கொலை, வன்புணர்வு என்று அந்தச் சிறுவன் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னதற்குப் பெரியவர்களை அதிர வைக்கும் ஆசை ஒரு காரணம் என்றால், சொல் ஓசையின் மயக்கம் இன்னொரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

புகழ் பரவத் தொடங்கிய வேளையில் ஆள் காணாமல் போனார். மகனின் போக்கைக் கண்டு கவலையுற்ற தாய், அவரை சமோவா தீவில் உள்ள சீர்திருத்த உறைவிடப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பிவிட்டார். அமெரிக்காவில் ரசிகர்கள் 'ஏர்லை விடுதலை செய்' என்று கச்சேரிகளில் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, அங்கே அவர் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவி மையம் ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தார். தாம் வேடிக்கையாகப் பாடியவற்றை உண்மையிலேயே அனுபவித்தவர்களை நேரில் சந்தித்தது தம்மை மாற்றியது என்று திரும்பிய பிறகு நேர்காணலில் கூறியிருக்கிறார்.

2012 பிப்ரவரியில் திரும்பினார். அந்த ஆண்டின் இறுதியில் வந்த 'சம்' (Chum) பாடலில், ஒரு பியானோவின் பின்னணியில், தந்தை விட்டுச் சென்று ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று தொடங்குகிறார். இயைபு அடுக்குவதில் அதே கைத்திறன்தான். ஆனால் பொருள் இப்போது ஒலிக்கு அடங்க மறுக்கிறது. நீங்கள் 2010 இலிருந்து 2018 க்கு ஒரே தாவாகத் தாவிவிட்டதால் இந்தப் படியைத் தவறவிட்டீர்கள். 2013 ஆகஸ்டில் வந்த 'டோரிஸ்', அமெரிக்க ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில் ஐந்தாம் இடத்தில் நுழைந்தது. அது பாட்டியின் பெயரைத் தாங்கிய ஆல்பம். 2015 இல் வந்ததோ பத்துப் பாடல்கள், வெறும் அரை மணி நேரம், இசையமைப்பும் பெரும்பாலும் அவருடையதே. வெளியே தலைகாட்ட விருப்பமில்லை என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்ட ஆல்பம் அது. முணுமுணுப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

சந்தக்காரி:

மேலே நண்பர் வாழ்க்கைக் கதையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவள் என்பதால், காதுக்கு எட்டும் விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

'சம் ராப் சாங்ஸ்' ஆல்பத்தில் 15 பாடல்கள். எல்லாம் சேர்ந்து 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. பல்லவி என்று சொல்லத்தக்கது அநேகமாக எங்கும் இல்லை. பழைய இசைத்தட்டிலிருந்து இரண்டு மூன்று விநாடிகளை வெட்டி லூப்பாகச் சுழல விடுகிறார்கள். வழக்கமாக நாங்கள் அந்த வெட்டு காதில் படாதபடி இழைத்து மறைப்போம், இங்கே அது தடக்கென்று இடறும்படி அப்படியே விடப்பட்டிருக்கிறது. டிரம்ஸ் பல பாடல்களில் லூப்புக்குள் புதைந்து கிடக்கிறது. குரலை மிக்ஸில் முன்னால் நிறுத்தாமல் இசையோடு ஒரே மட்டத்தில் வைத்திருப்பதால், பக்கத்து அறையில் யாரோ தமக்குத்தாமே பேசிக்கொள்வது போலிருக்கிறது.

தாளத்துக்குப் பின்தங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாளம் தெரியாதவர் ஒரு முறை முந்துவார், ஒரு முறை பிந்துவார். இவர் பிந்தும் அளவு ஒரே சீராக இருக்கிறது. அடியின் கடைசி அசை மட்டும் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டிப் போய் விழுகிறது. இசையமைப்பாளர் ஜே டில்லாவின் டிரம்ஸ் தாளக் கட்டத்துக்குள் அடங்காமல் விழுவதையும், ராப்பர் எம்எஃப் டூம் பல்லவியே இல்லாமல் நீண்ட பத்திகளாகப் பேசிச் செல்வதையும் கேட்டவர்களுக்கு இது எந்த வீட்டுச் சொத்து என்பது புரியும். நியூயார்க் ராப் வட்டத்தில் இயங்கும் மைக், நேவி ப்ளூ ஆகிய இளைய ராப்பர்களின் பாதிப்பும் இதில் உண்டு. இவரைக் கேட்டு வளர்ந்த மைக்கிடமிருந்து இவரே கற்றுக்கொண்டார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

'ரெட் வாட்டர்' பாடலை மட்டும் தனியாக எடுத்துக் கேளுங்கள். ஒரே சில அடிகள் திரும்பத் திரும்பச் சுற்றி வருகின்றன. முதல் சுற்றில் சொல் புரியவில்லை. இரண்டாவதில் தந்தை என்ற சொல்லும் குருதி என்ற சொல்லும் பிடிபடுகின்றன. அடுத்த சுற்றில் முழு வாக்கியமும் வந்துவிடுகிறது. 2010 இன் சிறுவன் அதே இடத்தில் முப்பது புதிய இயைபுகளைக் கொட்டியிருப்பான்.

ஒன்றில் மட்டும் மேலே உள்ள நண்பருடன் உடன்பட இயலவில்லை. அந்த முதல் மிக்ஸ்டேப்பின் வன்முறையை 'ஒலியின் மயக்கம்' என்று சொல்லிக் கடப்பது அதிகப்படியான கருணை. பெண்ணாக அதைக் கேட்கும்போது சொற்கட்டின் அழகு எனக்கு இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. நான் அதை இன்றுவரை ஒரே ஒரு முறைதான் முழுமையாகக் கேட்டிருக்கிறேன்.

பழைய ஒலிநாடா:

சந்தக்காரி சொல்வது சரி. அந்த வாக்கியத்தை நான் இன்னும் கவனமாக எழுதியிருக்க வேண்டும். ஒலி ஒரு காரணம் என்றாலும், எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர் கையில்தான் இருந்தது.

ஆல்பத்தின் கடைசி மூன்று பாடல்களைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். இந்த இழையின் கேள்விக்கே அவைதான் விடை என்று எனக்குப் படுகிறது. 'பிளேயிங் போசம்' என்ற 13 ஆவது பாடலில் ஏர்ல் ஒரு சொல்லும் பாடுவதில்லை. தாய் ஒரு மேடையில் நன்றி தெரிவித்துப் பேசிய உரையையும், தந்தை தம் கவிதையை வாசித்த பதிவையும் வெட்டி, மாறி மாறி ஒலிக்கும்படி கோத்திருக்கிறார். பிரிந்து வாழ்ந்த இருவர் மகனின் ஒலிப்பதிவில் உரையாடுகிறார்கள். தந்தையுடன் சமாதானமாவதற்கான பரிசாக அதை அவர் உருவாக்கினார். ஆனால் 2018 ஜனவரி 3 அன்று, அதைக் கேட்காமலேயே தந்தை காலமானார். அதன் பிறகு உருவானது 14 ஆவதான 'பீனட்'. தந்தையை அடக்கம் செய்ததைப் பேசும் அந்தப் பாடலில் டிரம்ஸ் இல்லை, சிதைந்த பியானோவும், நாக்குத் தடித்தது போன்ற குரலும்தான் இருக்கின்றன. இறுதிப் பாடலான 'ரயட்!' சொற்களே இல்லாதது. தந்தையின் நண்பரும் ஏர்லுக்குச் சிற்றப்பா முறையில் இருந்தவருமான டிரம்பெட் கலைஞர் ஹியூ மசகேலாவின் இசையிலிருந்து எடுக்கப்பட்டது. மசகேலாவும் அதே ஜனவரி மாதம் 23 ஆம் தேதி மறைந்தார்.

ஆகவே, சொற்கள் நிரம்பி வழிந்த ஒருவர் ஆல்பத்தின் முடிவில் வாயையே மூடிக்கொள்கிறார். ஆல்பம் தொடங்குவதும் அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் குரலில், சொற்களின் துல்லியமின்மையைக் குறிப்பிடும் இரண்டே சொற்களோடுதான் என்பதைக் கவனியுங்கள்.

மாடிவீட்டு வானொலி:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு அந்தக் கடைசி மூன்று பாடல்களை மட்டும் விளக்கணைத்துவிட்டுக் கேட்டேன். 'பிளேயிங் போசம்' பாடலில் தாய் பேசி முடித்ததும் கைத்தட்டல் கேட்கிறதே, முதல் முறை அதை நான் ஏதோ இரைச்சல் என்று நினைத்திருந்தேன். இதற்குப் பிறகு வந்தவை எப்படி? அவரால் பழையபடி தெளிவாகப் பாட முடிகிறதா?

சந்தக்காரி:

முடிகிறது. 2019 இல் வந்த ஏழு பாடல்கள் கொண்ட 'ஃபீட் ஆஃப் க்ளே' இன்னும் முரட்டுத்தனமானது. அதில் 'ஈஸ்ட்' என்ற பாடல் முழுக்க டிரம்ஸ் இல்லாத ஓர் அக்கார்டியன் லூப்பின் மேல் ஓடுகிறது. பலருக்கு அது பெரும் படைப்பு. எனக்கு வெறும் பிடிவாதம். ஆனால் 2022 ஜனவரியில் வந்த 'சிக்!' ஆல்பத்தில் குரல் மீண்டும் முன்னுக்கு வந்துவிட்டது, உச்சரிப்பு பளிச்சென்று இருக்கிறது, டிரம்ஸும் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. 2023 இல் தி ஆல்கெமிஸ்ட் என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து செய்த 'வுவார் டீர்' அதைவிட இலகுவானது. அதற்குள் அவரும் ஒரு குழந்தைக்குத் தந்தையாகிவிட்டார்.

நீங்கள் அடுத்து 'டோரிஸ்' கேளுங்கள், பிறகு 'சிக்!'. 'ஈஸ்ட்' பாடலுக்கு வரும்போது ஹெட்ஃபோனை மாற்ற வேண்டாம்.