ஷவர் துளை உப்பு அடைப்பு: என்ன செய்யலாம்?

கேள்வி: போர் தண்ணீர்தான். ஷவரில் பாதித் துளைகள் அடைத்துவிட்டன, குழாய் முனையிலும் வெள்ளையாக உப்பு. பாத்ரூம் ஆசிட் ஊற்றித் தேய்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், குரோம் பூச்சு போய்விடும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு பாலிதீன் கவரில் ஊற்றி, ஷவர் முகம் மூழ்கும்படி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். பொடிக் குமிழிகள் கிளம்பும். அது சுண்ணாம்புப் படிவம் புளிப்பில் கரைவது. அரை மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க விட்டால் பூச்சு மங்கும். பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரை வேகமாகத் திறந்துவிடுங்கள். துளையில் ஊசி குத்தாதீர்கள், துளை பெரிதாகித் தண்ணீர் கோணலாகப் பீய்ச்சும்.

பதில்: வினிகர் வாடை பிடிக்காதவர்களுக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்). ஒரு லிட்டர் வெந்நீருக்கு 2 மேசைக்கரண்டி. மார்பிள் தரையில் சொட்டினால் மெருகு போய்விடும், கீழே வாளி வையுங்கள்.

பதில்: குழாய் முனையில் வலை இருந்தால் துணி சுற்றித் திருகிக் கழற்றி, தனியாக ஊறவையுங்கள். உள்ளே வாஷர், வலை எந்த வரிசையில் இருந்தன என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் ஒழுகும். முக்கியமாக, வினிகரோடோ எலுமிச்சை உப்போடோ பிளீச்சிங் பவுடர் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.