மூச்சுக்கவசக் கழுவுலர்த்தி: 'சலவை' வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு,

நச்சு வாயுவிலிருந்தும் புகையிலிருந்தும் மூச்சைக் காக்கும் ரப்பர் மாஸ்க்குகளைக் கழுவி உலர்த்தும் இயந்திரத்துக்குத் தமிழ்ப் பெயராக 'சுவாச முகமூடிச் சலவை எந்திரம்' என்ற பரிந்துரையை நேற்றுப் பார்த்தேன். படித்ததும் பொருள் புரிகிறது, அதில் குறையில்லை. ஆனால் அந்தப் பெயரில் 'சலவை' இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

துணியைத் துவைக்கிறோம், முகத்தைக் கழுவுகிறோம், பாத்திரத்தை விளக்குகிறோம், கீரையை அலசுகிறோம், அரிசியைக் களைகிறோம். எல்லாம் தண்ணீர் வேலைதான். ஆனாலும் எந்தப் பொருளிடம் எவ்வளவு பலத்தைக் காட்டலாம் என்பது வினைச்சொல்லிலேயே இருக்கிறது. சலவை என்றதும் பவுடர், நுரை, பிழிதல், வெயிலில் காயப்போடுதல் எல்லாம் கூடவே வந்துவிடும்.

நான் பாதுகாப்புப் பிரிவில் இருந்த ரசாயன ஆலையில் இது நடந்தது. அங்கே இயந்திரம் கிடையாது. புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவரிடம், வாயுவை வடிகட்டும் டப்பா பொருத்திய கேனிஸ்டர் மாஸ்க்கைத் 'துவைத்து வை' என்று சொல்லியிருந்தோம். அவரும் சொன்னபடியே துணிப் பவுடரில் ஊறவைத்துத் துவைத்து, மொட்டை மாடியில் வெயிலில் கவிழ்த்துவிட்டார். மறுவாரம் அதைப் போட்டவருக்கு, மாஸ்க்கின் விளிம்பு படிந்த கோட்டிலேயே தாடையோரம் தோல் சிவந்து தடித்துவிட்டது. மூச்சு வெளியேறும் வால்வைக் கழற்றிப் பார்த்தேன். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய ரப்பர் வட்டம் அது. ஓரம் சுருண்டு, அடியில் சோப்பு வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அந்த வட்டம் சரியாக உட்காராவிட்டால் மூச்சை இழுக்கும்போது வெளியே உள்ள வாயு வடிகட்டிப் பக்கமே போகாமல் நேரே உள்ளே வரும். தம்பி மேல் தப்பில்லை. நாங்கள் சொன்ன சொல்தான் தப்பு.

கையால் கழுவுவதற்கு அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி சொல்லும் முறையைப் பாருங்கள். வடிகட்டிகளையும் வால்வுகளையும் கழற்ற வேண்டும். தண்ணீர் 43 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது. சோப்பு மென்மையானதாக இருக்க வேண்டும். அலசிய பிறகு, கிருமி போக 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) குளோரின் கரைசலில் 2 நிமிடம், அப்புறம் மறுபடி நன்றாக அலச வேண்டும். சோப்போ கிருமிநீக்கியோ மாஸ்க்கிலேயே காய்ந்துபோனால் தோல் அழற்சி வரலாம் என்று அந்த விதியே எச்சரிக்கிறது.

இதற்கென்றே செய்த இயந்திரங்களும் பெரும்பாலும் இதே வழியில்தான் போகின்றன. மாஸ்க் உருளாமல் தட்டிலோ பிடியிலோ நிற்கும். உள்ளும் புறமும் நீர் பீய்ச்சும். சோப்பையும் கிருமிநீக்கியையும் பம்பு அளந்து விடும். துணி துவைக்கும் இயந்திரத்தைவிடப் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குத்தான் இது நெருங்கிய சொந்தம். ஜெர்மனியில் தீயணைப்பு வீரர்களின் மாஸ்க்குகளுக்கென்றே தனிப் பணிமனைகள் இருக்கின்றன. அங்கே அழுக்குப் பக்கம் வேறு, சுத்தப் பக்கம் வேறு. சில இயந்திரங்களுக்கு இரண்டு கதவுகள் உண்டு; கரி படிந்த மாஸ்க் ஒரு பக்கம் உள்ளே போய், மறுபக்கம் சுத்தமாக வெளியே வரும். தீயணைப்புத் தொழிலே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே அந்தக் கரியை வெறும் அழுக்கு என்று விட முடியாது.

உலர்த்துவது பாதி வேலை. அதனால் அது பெயரிலும் இருக்க வேண்டும். வால்வு இடுக்கில் ஈரம் தங்கினால் ரப்பர் ஒட்டிக்கொள்ளும், பையில் போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் ரப்பரும் கண்ணாடிப் பகுதியும் கெடும். மிதமான சூட்டில் காற்றோட்டம் கொடுப்பதுதான் வழி.

சரி, 'முகமூடி'க்கு வருவோம். அது முகத்தை மூடுவது, அவ்வளவுதான். 'முகக்கவசம்' 2020க்குப் பிறகு எல்லோர் வாயிலும் புழங்குகிறது, ஆனால் அதில் துணியும் என்95உம் அடங்கிவிடுகின்றன. என்95ஐக் கழுவவே கூடாது. சோப்புத் தண்ணீர் பட்டால் அதன் இழைகளில் தூசியைப் பிடிக்க உதவும் மின்னேற்றம் போய்விடும். இயந்திரத்தின் மேல் 'முகக்கவசம்' என்று எழுதினால் யாராவது அதையும் உள்ளே போடுவார்கள். நாம் பேசும் மாஸ்க் காப்பது மூச்சை. ஆகவே 'மூச்சுக்கவசம்' என்கிறேன்.

கழுவு, உலர்த்தி இரண்டும் சேர்ந்து 'கழுவுலர்த்தி'. முழுப்பெயர் மூச்சுக்கவசக் கழுவுலர்த்தி. கழுவ மட்டும் செய்தால் மூச்சுக்கவசக் கழுவி, தனியாக நிற்கும் சூடான காற்று அலமாரிக்கு உலர்பேழை. 'கழுவி' வினையெச்சம் போலத் தொனிக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். பாத்திரங்கழுவி என்று எழுதுகிறோமே, முன்னால் பெயர் ஒன்று நின்றால் குழப்பம் வராது.

வால்வை வால்வு என்றே விடலாம். அந்த ரப்பர் வட்டத்துக்கு மட்டும் 'தடுக்கிதழ்' என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.